நான் தளர்த்திய மூலை

தீவனக் குழியை மூடியிருந்த கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பின் ஒரு மூலையை நான்தான் திறந்துவிட்டேன். பாரத்துக்கு வைத்திருந்த பழைய லோரி டயர்கள் மூன்றை உருட்டித் தள்ளி, காற்று உள்ளே போகும்படி விரிப்பை மடக்கி வைத்தேன். குழி போட்டவர் தங்கை கல்யாணத்துக்கு ஈப்போ போயிருந்தார்; அவர் திரும்புவதற்குள் மறுபடியும் மூடிவிட்டேன். மழையோ நாயோ செய்த வேலையல்ல அது. விவசாயப் பட்டம் பெற்ற ஓர் அதிகாரி பட்டப்பகலில் நிதானமாகச் செய்தது.

பட்டர்வொர்த்தைத் தாண்டியிருந்த அந்தத் தீவனப் பண்ணைக்கு நான் பொறுப்பாளன். தீவுப் பக்கம் இருந்த டத்தோ கிராமாட் வீட்டிலிருந்து புறப்பட்டு, தினமும் ஃபெரி ஏறிப் போவேன். அவர் எனக்குக் கீழே வயல்வேலையைக் கவனித்தவர். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவர். சுற்றுவட்டாரத்தில் மாடு வளர்த்தவர்கள் என்னை 'சார்' என்றார்கள், அவரை 'அண்ணே' என்றார்கள். நேப்பியர் புல்லை எத்தனை நாளுக்கு ஒருமுறை அறுக்க வேண்டும் என்று நான் பலகையில் எழுதிக் காட்டினால் தலையாட்டுவார்கள். வெளியே போய் அவரிடம் கேட்பார்கள். "சார் புஸ்தகத்த பாத்து சொல்றாரு, என் மாடு புஸ்தகம் படிக்காதுலா" என்று ஒரு பால்காரம்மா சொன்னது ஜன்னல் வழியே என் காதில் விழுந்தது. "அப்படி சொல்லாதீங்க அக்கா, சார் சொன்னதுதான் சரி" என்று அவர் எனக்காகப் பரிந்து பேசினார். கேலியைவிட அந்தப் பரிவுதான் என்னைச் சுட்டது.

எங்கள் பக்கம் ஆண்டுத் தொடக்கத்து வெயிலில் புல் காய்ந்து, பால் வற்றிவிடும். மழைக்காலத்திலேயே மக்காச்சோளம் போட்டு, மணியில் பால் இறுகும் பருவத்தில் தட்டையோடு வெட்டி நறுக்கி, காற்றுப் புகாமல் குழியில் மூடிவைத்தால், புளித்துப் பதமாகி மாதக்கணக்கில் கெடாது. அதை 'மாட்டு ஊறுகாய்' என்று கிண்டல் செய்தவர்களே, அவர் கூப்பிட்டதும் குழியில் இறங்கி மிதிக்க வந்தார்கள். நான் கூட்டிய கூட்டம் எதற்கும் அத்தனை பேர் வந்ததில்லை. மாட்டுப் பொங்கலன்று குழியைத் திறந்து, முதல் கூடையை அவர்கள் மாடுகளுக்கே வைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். அது பலித்தால் ஆளுக்கொரு குழி வெட்டுவார்கள். தலைமை அலுவலகம் அவரை அந்தத் திட்டத்துக்குத் தலைவராக்கும். அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

மாட்டுப் பொங்கலன்று விரிப்பை விலக்கியதும் வெண்பூசணம் தெரிந்தது, அழுகல் நாற்றம் எழுந்தது. கொம்புக்குச் சாயம் பூசிய மாடுகள் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. "அண்ணே, ஊறுகாய்க்கு உப்பு பத்தலலா!" என்று யாரோ கத்த, எல்லோரும் சிரித்தார்கள். "நான்தான் அந்தப் பக்கம் சரியா மிதிக்கல" என்றார் அவர். பிறகு என்னிடம், "மன்னிச்சிருங்க சார், உங்க பேரையும் கெடுத்துட்டேன்" என்றார். பெருந்தன்மையோடு தோளைத் தட்டிக் கொடுத்தேன். உள்ளுக்குள் இனித்தது, அதையும் எழுதிவிடுகிறேன். அடியில் நல்ல தீவனம் இருந்திருக்கும். நம்பிக்கை போனபின் யாரும் தோண்டிப் பார்க்கவில்லை.

பல வருடங்கள் கழித்து, போன ஆண்டு அவர் வீட்டைத் தேடிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "நம்ம மழைக்கு குழித்தீவனம் சரிவராதுன்னு இத்தன வருஷமா எத்தன பேருகிட்ட சொல்லியிருப்பேன்? என்னைப் பொய் சொல்ல வெச்சிட்டீங்களே சார். எங்கிட்ட சொல்லி என்ன? வாங்க, அவங்ககிட்ட சொல்லுங்க" என்று தன் காரில் ஏற்றிக்கொண்டார்.

குழி மிதிக்க வந்தவர்களின் வீடுகளுக்குப் போனோம். இரண்டு வீடுகளில் பழைய ஆட்கள் உயிரோடில்லை. மூன்றாவது வீட்டில் இருந்த முதியவரிடம், நின்றபடியே சொன்னேன். முதியவர் என்னைத் திட்டவில்லை. "அந்த வெயில்ல தீனி இல்லாம ஒவ்வொன்னா வித்தேன்" என்று வெறும் கொட்டகையைக் காட்டினார். பிறகு என்னை விட்டுவிட்டு, என்னை அழைத்து வந்தவரின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அப்ப நீங்க நல்லாதான் மிதிச்சிருக்கீங்க" என்றார். அழைத்து வந்தவர் அழுதார். அந்த நிமிடத்திலும், அந்தப் பிடியைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

திரும்பும்போது என்னை ஃபெரித்துறையில் இறக்கிவிட்டார். "மத்தவங்ககிட்ட நானே சொல்லிக்கிறேன். இனிமே வராதீங்க சார்" என்றார். குரலில் கோபமில்லை. அதன் பிறகு நான் அங்கே போகவில்லை.