சுண்ணாம்புப் பொட்டு வைத்த கிழங்குகள்

அருளப்பன் போய்விட்டான். காலையில் அவன் மகள் ஸ்டெல்லா போன் செய்து சொன்னாள். தொண்ணூற்றேழு வயது... எனக்கும் அதேதான்.

நல்லவன், வல்லவன் என்று எழுத மாட்டேன். எங்களுக்குள் ஒரு வழக்கு பாக்கி இருக்கிறது.

மகாராஜா காலம், சுதந்திரத்துக்கு முந்தின வருஷம். மைசூரில் ஒரு பெரிய அதிகாரியின் பங்களாத் தோட்டத்தில் இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். அவன் ஊர் மார்டள்ளி, என் ஊர் ராமாபுரம்; இருவர் வீட்டிலும் பேச்சு தமிழ்தான்.

எங்கள் பொறுப்பு, பங்குனியில் பூக்கும் சிவப்பு லில்லி. பூ முடிந்ததும் இலையை வெட்டக் கூடாது, கிழங்குக்குச் சோறு போடுவதே இலைதான். மார்கழியில் தண்ணீரை நிறுத்தி, இலை தானாகக் காய்ந்த பிறகுதான் கிழங்கைத் தொட வேண்டும்.

அடுத்து வரும் பங்குனியில் பங்களாவில் கல்யாணம் வைத்திருந்தார்கள். வாசலுக்கு இரண்டு பக்கமும் லில்லி நிற்க வேண்டும் என்று கிழங்குகளை மாற்றி நடச் சொன்னார்கள்.

மார்கழியிலேயே தோட்டத்து மேஸ்திரி கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போனார். "எலெ ஒணகித மேலெ கீளு. ஆமேலெ நெடு." இலை காய்ந்த பிறகு பிடுங்கு, அப்புறம் நடு. அவ்வளவுதான்.

பிடுங்கி, ஒரு வாரம் நிழலில் உலர்த்தி, நட உட்கார்ந்தோம். அருளப்பன் ஒரு கிழங்கைத் தலைகீழாகப் பிடித்தான். "இலை காஞ்ச மேல்பக்கம் கீழயாம்டா."

"கீளுன்னா புடுங்குறதுடா. இலை முளைக்கிற கழுத்து மண்ணுக்கு மேல தெரியோணும்."

"ஆமா, கடைப் பலகை பாத்துக் கன்னடம் படிச்ச பண்டிதரு நீ. மேஸ்திரியே சொல்றாரு, உனக்கென்ன?"

வலப்பக்கம் நான் நட்டேன். இடப்பக்கம் அவன்.

பங்குனியில் வலப்பக்கம் சிவப்பாக எரிந்தது. இடப்பக்கம் வெறும் மண்... தோண்டினால் எல்லாம் தலைகீழ்.

யார் நட்டது என்று மேஸ்திரி கேட்டார். அருளப்பன் தன் கால் விரலையே பார்த்துக்கொண்டு நின்றான். "நான் இல்லை" என்று முதலில் வாயைத் திறந்தவன் நான்; முந்திக்கொண்டவன்தான் குற்றவாளி என்று மேஸ்திரி முடிவு கட்டினார். வேலை போனதும் எனக்குத்தான்.

அதற்குப் பிறகு அவனை எங்கே பார்த்தாலும் கேட்பேன். "இடப்பக்கம் நட்டது யாருடா?"

"டீ குடிக்கிறியா?" என்பான்.

குடிப்பேன். கேள்வியை விட்டதில்லை.

இன்று போனில் ஸ்டெல்லா கேட்டாள். "பெரியப்பா, போன வாரம்தான் அப்பா லில்லிக் கிழங்கெல்லாம் எடுத்துக் காயப் போட்டாரு. ஒவ்வொண்ணுலயும் சுண்ணாம்புப் பொட்டு வெச்சிருக்காரு. அதையெல்லாம் என்ன பண்றது?"

பொட்டு எந்த இடத்தில் என்று கேட்டேன்.

"கழுத்துல. நான் சின்னவளா இருந்தப்போ இருந்தே வெக்கிறாரு. கேட்டா, பொட்டு வானத்தைப் பாக்கோணும், அவ்வளவுதாம்பாரு."



பொட்டு மேலே இருக்கும்படி நடச் சொன்னேன். கழுத்து மண்ணுக்கு வெளியே. முளை தெரியும்வரை தண்ணீர் கொஞ்சமாக.

சாயங்காலம் அடக்கம். போகிறேன்.

டீ வாங்கிக் கொடுத்தே காலத்தை ஓட்டிவிட்டாயே, அருளப்பா.

சரி... போய் வா.