தாய்மாமனுக்குக் கார்டு

பினாங்கில் டத்தோ கிராமாட்டில் இருக்கும் எங்கள் வீட்டு மாடி அறையை வாடகைக்கு விடும்போது, நிபந்தனைகளைத் தட்டச்சு செய்து கையெழுத்து வாங்குவது என் வழக்கம். முப்பது சொச்ச வருஷம் அரசாங்கக் கவுண்டரில் உட்கார்ந்து லைசன்ஸ் புதுப்பித்துக் கொடுத்தவனுக்கு வேறு மாதிரி வாழத் தெரியாது. குடிவருகிறவர்கள் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்கள். ஃபிஜித் தீவிலிருந்து வந்த அம்மணி மட்டும் முழுவதையும் படித்தார்.

"அங்கிள், இதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. நான் உங்களுக்கு என்ன உறவு?"

"வாடகைக்காரர்."

"அங்கிள் என்று கூப்பிடச் சொல்கிறீர்களே, எந்த அங்கிள்? அப்பாவின் தம்பியா, அம்மாவின் தம்பியா?"

"எதுவானால் என்ன?"

"அம்மாவின் தம்பி என்றால் உங்கள் காரைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு போவேன்."

பக்கத்தில் நின்ற என் மனைவி, "சித்தப்பான்னே கூப்பிடச் சொல்லுங்கலா. போன மாசந்தான் டயர் மாத்தினோம்" என்றாள்.

அந்த அம்மணிக்கு நாற்பது வயதுக்கு மேலிருக்கும். அவர் ஊர்க் கல்லூரியில் மானுடவியல் ஆசிரியை. இங்கே தமிழ்க் குடும்பங்களின் உறவுமுறையை ஆராய வந்திருந்தார். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். மலாய் தெரியாவிட்டாலும், தன் மொழிச் சொற்கள் பல அதில் இருக்கின்றன என்ற தைரியத்தில் தனியாகவே பசாருக்குப் போவார். ஐந்துக்கு இரண்டு மொழியிலும் 'லீமா'தான். ஆனால் 'துவா' என்றால் அவர் மொழியில் ஒன்று, மலாயில் இரண்டு. ஒரு மீன் வாங்கப் போய் இரண்டோடு திரும்பி வருவார். எங்களுக்கு அதனால் நஷ்டமில்லை, இரண்டாவது மீன் எங்கள் குழம்புக்கு வந்தது.

மானுடவியல் என்றால் வெள்ளைக்காரர் தீவுக்குப் போய்த் தீவுக்காரர்களைப் பற்றி எழுதுவது என்றுதான் நான் படித்திருந்தேன். அதைச் சொன்னதும் சிரித்தார். "எங்கள் கிராமத்துக்கும் ஒருவர் வந்தார். மாதக்கணக்கில் தங்கி, எங்கள் வீட்டுக் கிழங்கைச் சாப்பிட்டு, என் குடும்பத்தைப் படம் போட்டுப் புத்தகமாக்கினார். அந்தப் படத்தை நம்பினால் என் அம்மா அவளுடைய சித்தப்பாவையே கட்டிக்கொண்டிருக்கிறாள். இப்போது என் முறை. உங்கள் படத்தையாவது ஒழுங்காகப் போடுகிறேன்."

இரவுச் சாப்பாடு முடிந்ததும் மேசையைத் துடைத்துவிட்டுப் பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் படம் போடுவார். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம். வாழ்நாள் முழுவதும் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்டவன் நான். அந்தப் பக்கம் உட்கார்ந்து பதில் சொல்வது புது அனுபவமாக இருந்தது. பெரியப்பா மகன் அண்ணன், அத்தை மகன் மச்சான், அம்மாவின் தம்பி மாமா, கட்டிக்கொண்டவளின் அப்பாவும் மாமா. நான் சொல்லச் சொல்ல அவர் மேசையைத் தட்டினார். அவர்கள் ஊரிலும் அப்படியே! புத்தகங்களில் அந்த முறைக்குத் திராவிட முறை என்றே பெயராம். "உங்கள் ஆட்கள் எங்கள் கரும்புத் தோட்டத்துக்கு வருவதற்கு முந்தியே நாங்கள் திராவிடர்" என்றார்.

ஒரு நாள் கேட்டார். "உங்கள் வீட்டில் யாரைக் கேலி செய்யலாம்? கேலி செய்தால் கோபித்துக்கொள்ளக் கூடாத ஆள் யார்?"

"மச்சான்."

"எங்களுக்கு அவர் 'தவலே'. தவலேயைத் திட்டாமல் சும்மா இருந்தால்தான் சந்தேகம் வரும். நீங்கள் உங்கள் மச்சானைக் கடைசியாக எப்போது கேலி செய்தீர்கள்?"

என் மனைவி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

விஷயம் இதுதான். கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் இருக்கும் என் தங்கையின் ஒரே மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தாய்மாமன் நான். பெண் வீட்டார் முதல் பத்திரிகையைச் சாமிக்கு வைத்துவிட்டு, இரண்டாவதைத் தட்டில் வெற்றிலை பாக்கோடு புருஷனும் பெண்டாட்டியுமாக வந்து தாய்மாமனுக்குக் கொடுக்க வேண்டும். இது நான் உண்டாக்கிய விதியல்ல. எனக்கு வந்தது கைப்பேசியில் ஒரு படம். ரோஜாப்பூ ஆடிக்கொண்டிருந்தது. கீழே, 'ஹார்ட் காப்பி பிறகு' என்று தங்கையின் புருஷன், என் மச்சான், எழுதியிருந்தார்.

முறையாக வந்து அழைக்காமல் வர மாட்டேன் என்று தங்கையிடம் சொன்னேன். அவள் அழுதாள். மச்சான் சொன்னதாக அவள் சொன்ன பதில் இது: "விருந்தாளிக்குத்தான் கார்டு. உங்கண்ணன் விருந்தாளியா? தாய்மாமன் கல்யாண வீட்டுக்காரன். அவனுக்கு எதுக்கு அழைப்பு?" இதைவிடப் புத்திசாலித்தனமான சோம்பேறித்தனத்தை நான் கண்டதில்லை. அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் பேச்சில்லை. மணமேடைக்குக் கல்யாணப் பெண்ணைக் கைபிடித்து அழைத்துப்போக வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன். வேறு யாரும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு நான் ஒரே மாமன்.

ஆராய்ச்சி அம்மணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இரண்டு பேர் சொல்வதும் சரி" என்றார். கவுண்டரில் இப்படித் தீர்ப்புச் சொன்னால் அன்றைக்கே கலவரம்.

"எங்கள் ஊரில் தப்புச் செய்தவன் திமிங்கலப் பல்லை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து மன்னிப்புக் கேட்பான். வாங்கிக்கொண்டால் சண்டை முடிந்தது."

"இங்கே யார் கொண்டுவருவது? நானா, அவரா?"

"அதுதான் சிக்கல்" என்று எழுதிக்கொண்டார். பிறகு, "எங்களிடம் இன்னொரு வழி இருக்கிறது. வாசு" என்றார்.

நம் பக்கத்தில் அது ஆள் பெயர். அவர்கள் தீவில் அது சகோதரி பிள்ளையின் உரிமை. தாய்மாமன் வீட்டுக்குள் போய் வேண்டியதை எடுத்துக்கொண்டு வரலாம். பாய், பன்றி, படகு, எதுவானாலும். மாமன் முகம் சுளித்தால் ஊர் சிரிக்கும்.

"விண்ணப்பம்?"

"இல்லை."

"யார் அனுமதிப்பது?"

"யாரும் இல்லை."

"இது சம்பிரதாயமில்லை அம்மா, சாட்சி வைத்துச் செய்யும் கொள்ளை."

அந்த வாரம் அவர் ஃபெரியில் பட்டர்வொர்த்துக்குப் போய்வந்தார். மற்ற குடும்பங்களையும் பார்க்க வேண்டுமாம். அதில் என் தங்கை வீடும் ஒன்று என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் என் தங்கை மகள் வந்தாள். பினாங்கு வெயிலில் முகம் சிவந்திருந்தது. "வா, சாப்பிடு" என்றேன். அவள் உட்காரவில்லை. நேராக எங்கள் படுக்கையறைக்குப் போய் அலமாரியைத் திறந்தாள். மேல்தட்டில், என் பழைய அலுவலகச் சட்டைகளுக்குப் பின்னால் இருந்த பெட்டியை எடுத்தாள். அதில் அரக்குக் கரை போட்ட பட்டுப்புடவை இருந்தது, தாய்மாமன் சீர். நிச்சயம் முடிந்த மறுநாளே லிட்டில் இந்தியாவில் வாங்கியது. சண்டைக்குப் பிறகு அதைப் பற்றி இந்த வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. என் மனைவி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?"

"கேட்க வரல மாமா. எடுத்துட்டுப் போக வந்தேன்."

மாடிப்படியில் அம்மணி நின்றுகொண்டிருந்தார்.

"ஆராய வந்த இடத்தில் தலையிடக் கூடாது என்று உங்கள் துறையில் விதி இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கிறது. சனி, ஞாயிறில் நான் வாடகைக்காரர்" என்றார்.

பெண் வாசல் வரைக்கும் போய்விட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவள் பெட்டியைக் கைப்பையில் திணித்துக்கொண்டு ஃபெரியில் போய், கல்யாணத்தன்று தானே எடுத்துக் கட்டிக்கொண்டால் அது சீரா? கடையில் வாங்கிய புடவை, அவ்வளவுதான்.

"நில்லு. அதை இப்படி எடுத்துட்டுப் போகக் கூடாது. தாம்பாளத்துல வெச்சு, தேங்கா பழத்தோட, தாய்மாமன் கொண்டாந்து சபையில குடுக்கணும். அதான் முறை."

"யாரு கொண்டாரணும்?"

"தாய்மாமன்."

அவள் பெட்டியை என் கையில் திருப்பி வைத்தாள். "அப்ப கொண்டாந்துருங்க மாமா. எட்டு மணிக்கு முகூர்த்தம், லேட் பண்ணாதீங்க" என்றவள் அதற்கப்புறம்தான் சாப்பிட உட்கார்ந்தாள். என் மனைவி அப்பளம் பொரிக்கப் போனாள். அந்த அம்மணி இரண்டு கைகளையும் குவித்துத் தட்டினார். கனமான சத்தம். அவர்கள் ஊரில் ஒன்றை முறைப்படி ஏற்றுக்கொண்டதற்கு அப்படித்தான் தட்டுவார்களாம். யார் எதை ஏற்றுக்கொண்டார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

கல்யாணத்தன்று தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு மண்டப வாசலுக்குப் போனேன். பன்னீர்ச் செம்போடு மச்சான் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கை நின்றது. பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது.

"கார்டு எங்க மச்சான்? கார்டு இல்லாதவங்களுக்குக் கடைசிப் பந்திதான்லா" என்றார்.

"தலைக்கு அடிச்ச சாயம் நெத்தியில ஒழுகுது மச்சான். முதல்ல அதைத் தொடைங்க, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பயந்துரப் போறாங்க."

அவர் நெற்றியைத் துடைத்துப் பார்த்தார். சாயம் ஒன்றும் ஒழுகவில்லை. செம்பைச் சாய்த்து என் வழுக்கையில் வேண்டுமென்றே அதிகமாகத் தெளித்தார். திரும்பிப் பார்த்தால், எங்களோடு வந்திருந்த அம்மணி குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

மணமேடைக்கு அவளை நான்தான் அழைத்துப்போனேன். அரக்குக் கரை அவளுக்கு எடுப்பாக இருந்தது. ஹார்ட் காப்பி இன்றுவரை வரவில்லை.