ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு பஸ்

எங்கள் வீட்டில் இருந்தது மூன்றே பேர்: அப்பா, அம்மா, நான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டாஞ்சேனை மாமி வீட்டுக்குப் புறப்பட்டால் எங்களுக்கு இரண்டு பஸ் தேவைப்பட்டது. வெள்ளவத்தையில், காலி வீதித் தரிப்பிடம் வரைக்கும் மூவரும் சேர்ந்துதான் நடப்போம். முதல் பஸ் வந்ததும் அப்பா மட்டும் ஏறிப் போவார். அம்மாவும் நானும் அடுத்த பஸ்ஸுக்கு நிற்போம். புறக்கோட்டையில் இறங்கினால் அப்பா பேப்பரில் சுற்றிய ஒரு கடலைச் சரையோடு எங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்கும் அதே கதைதான், அவர் ஒன்றில், நாங்கள் இன்னொன்றில்.

யுத்தகாலக் கொழும்பில் இது ஒரு புதினமே அல்ல. பஸ்ஸுக்குள் எப்போது எது வெடிக்கும் என்று தெரியாத நாட்கள் அவை. பிள்ளைக்கு ஒருவராவது மிஞ்ச வேண்டும் என்று தாயும் தகப்பனும் வெவ்வேறு பஸ்ஸில் போவது சிங்கள வீடு, தமிழ் வீடு, முஸ்லிம் வீடு என்ற பேதமில்லாமல் நடந்தது. அந்த ஒரு விஷயத்திலாவது நாடு ஒற்றுமையாக இருந்தது என்று சொல்லலாம். ஆனால் யாருக்காக இந்த ஏற்பாடோ அந்தப் பிள்ளையிடம் யாரும் காரணத்தைச் சொல்வதில்லை. எனக்கு அப்போது எட்டு வயது. நானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டேன். அப்பாவும் அம்மாவும் கோபம். அதுதான் ஒன்றாகப் போகிறார்கள் இல்லை.

இதற்கு என்னிடம் ஆதாரமும் இருந்தது. வகுப்பில் என் பக்கத்து வாங்கில் இருந்தவளின் தகப்பன் ஹெவ்லொக் டவுனில் தனியாக அறை எடுத்து இருந்தார். சனிக்கிழமைகளில் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போவார். தகப்பன் வரும் நேரம் தாய் வாசலுக்கே வரமாட்டாளாம். “முதல் முதல் ரெண்டு பேரும் வேற வேறயாத்தான் வெளிக்கிட்டவை, பிறகுதான் வீடும் வேறயாப் போச்சுது” என்று அவள் அனுபவசாலியாகச் சொல்லியிருந்தாள். எங்கள் வீடு முதல் கட்டத்தில் நிற்கிறது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். இரவில் படுக்கும்போது, வீடு இரண்டானால் நான் எந்த வீட்டில் இருப்பேன் என்று நினைத்து நினைத்து அழுவேன். தலையணை நனைந்திருந்தால் வேர்வை என்று அம்மா விசிறியைக் கிட்டே இழுத்து வைப்பார்.

அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் நோயாளி என்ற பதவி அவருக்குத்தான் வழங்கப்பட்டிருந்தது. கோட்டைப் பக்கம் ஒரு குண்டு வெடித்த நாளில், அங்கே கந்தோரில் வேலை செய்த அப்பா பொழுது சாயும் வரைக்கும் வந்து சேரவில்லை. தொலைபேசியும் வேலை செய்யவில்லை. கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மாவுக்கு நெஞ்சு படபடவென்று அடித்து, கை கால் விறைத்து, பக்கத்து அனெக்ஸ் ஆட்கள் தூக்கி வந்து கதிரையில் இருத்தினார்கள். அதற்குப் பிறகு டொக்டரிடம் போனார்கள். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். “ஒண்டுமில்லை” என்றார் டொக்டர். ஒன்றுமில்லாததற்குச் சின்னக் குளிசையும் எழுதிக் கொடுத்தார்.

குண்டு வெடித்த அன்று அப்பா கோட்டையிலிருந்து நடந்தே வந்திருந்தார். சேர்ட்டில் யாருடையதோ இரத்தம். குளித்தார், சோறு கேட்டார், “இப்பிடி ரெண்டு தரம் நடந்தா என்ர வண்டி வத்திப் போகும்” என்று வயிற்றைத் தட்டிப் பகிடி விட்டார். எல்லாரும் சிரித்தோம். வழியில் எதைக் கண்டார் என்று ஒருவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இரண்டு பஸ் தொடங்கியது. அது அம்மாவின் பயத்துக்காகச் செய்த ஏற்பாடு என்றுதான் சொந்தக்காரர் எல்லாரும் நம்பினார்கள். மாமி வீட்டில் யாராவது அதைச் சொல்லிச் சிரித்தால் அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். அம்மா மறுத்து ஒரு சொல் சொன்னதை நான் கேட்டதில்லை.

அந்த நாட்களில் ரேடியோவைத் திறந்தால் சமாதானப் பேச்சு என்ற சொல்தான். இரண்டு பக்கத்தையும் ஒரு மேசையில் இருத்திவிட்டால் பிரச்சினை தீரும் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். எனக்கு மேசை எதற்கு, பஸ் சீற்றே போதும் என்று தோன்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைச் செய்தும் காட்டினேன். மாமிக்குக் கொண்டுபோகும் பயற்றம் பணியாரம் வழமைபோல அப்பாவின் கையில் இருந்தது. பால்மா ரின்னுக்குள் போட்டு, ரின்னைப் பேப்பரால் சுற்றி, சணலால் இறுக்கிக் கட்டியிருந்தார். அப்பா போடும் முடிச்சைக் கடவுளாலும் அவிழ்க்க முடியாது. பஸ் வந்தது. அப்பா முன்வாசலால் ஏறினார். நான் அம்மாவின் கையை உதறிவிட்டுப் பின்வாசலுக்கு ஓடி ஏறிவிட்டேன். “எடியே!” என்று கத்திக்கொண்டு அம்மாவும் பாய்ந்து ஏற வேண்டியதாகிவிட்டது. கண்டக்டர் மணியடித்தார். முன் சீற்றில் ரின்னைக் காலடியில் வைத்துவிட்டு இருந்த அப்பாவுக்கு எதுவும் தெரியாது.

பம்பலப்பிட்டியில்தான் தற்செயலாகத் திரும்பி எங்களைக் கண்டார். அவருடைய முகம் மாறியதை நான் கோபம் என்று நினைத்தேன். எழுந்து, கம்பிகளைப் பிடித்துப் பிடித்துப் பின்னுக்கு வந்தார்.

“ஏன் இதில ஏறினனீங்கள்?”

“பிள்ளை ஓடி ஏறீட்டாள். நான் என்ன செய்யிறது?” என்ற அம்மா, பிறகு என்னைத் தூக்கி மடியில் வைத்து இடம் விட்டார். “சரி, இருங்கோவன். ஒரு நாளைக்கு மூண்டு பேரும் ஒண்டாப் போவம்.”

அப்பா இருந்தார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அம்மா யன்னலோரம், அப்பா மற்றப் பக்கம், நடுவில் அம்மாவின் மடியில் நான். இனி வீடு இரண்டாகாது. பயந்தவர் என்று பெயரெடுத்த அம்மா ஆறுதலாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு ஒழுங்கையின் முடிவிலும் ஒரு துண்டுக் கடல் தெரிவதை எனக்குக் காட்டினார். அவ்வளவு லேசான முகத்தோடு அம்மாவை நான் பஸ்ஸில் கண்டதில்லை.

அப்பாதான் சரியில்லை. என் மணிக்கட்டைப் பிடித்திருந்த கை குளிர்ந்து ஈரமாகிவிட்டது. மேல் தட்டில் இருந்த பைகளைப் பார்த்தார். சீற்றுகளுக்குக் கீழே குனிந்து பார்த்தார். ஏறுகிற ஒவ்வொருவரையும் பார்த்தார். சேர்ட் முதுகோடு ஒட்டிப் போயிருந்தது. கொள்ளுப்பிட்டிக்குக் கிட்ட வந்தபோது, “இஞ்சேரும், எனக்கு மூச்சு விடேலாமக் கிடக்கு” என்றார். அம்மா பதில் சொல்வதற்குள் எழுந்து, ஆட்களை விலக்கி, “பஹினவா, பஹினவா” என்று இறங்கப் போவதாகச் சிங்களத்தில் கத்தி, பஸ் முழுதாக நிற்கும் முன்பே குதித்துவிட்டார். பஸ் அவரை விட்டுவிட்டுக் கிளம்பியது.

அவர் முன்பு இருந்த சீற்றுக்குப் பக்கத்தில் ஒரு சிங்களப் பெண் இருந்தார். அவர் கண்டதை நினைத்துப் பாருங்கள். ஒரு மனிதன் ஒரு பார்சலைக் காலடியில் வைக்கிறான். எழுந்து பின்னுக்குப் போகிறான். பிறகு வேர்த்து விறுவிறுத்து, ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதிக்கிறான். பார்சல் அங்கேயே இருக்கிறது, அதுவும் தமிழ்ப் பேப்பரில் சுற்றி.

“மேக்க காகெத?” இது யாருடையது என்று அந்தப் பெண் ஒரே ஒரு தடவைதான் கேட்டார். பஸ்ஸுக்கு அது போதும். றைவர் பிறேக் போட்டார். முன்வாசலாலும் பின்வாசலாலும் யன்னலாலும் ஆட்கள் கொட்டுண்டார்கள். அம்மா என்னை வாசலால் இறக்கி, முன்பின் தெரியாத ஒரு கிழவரின் கையில் பிடித்துக் கொடுத்தார். எல்லாரும் பஸ்ஸை விட்டு ஓட, அம்மா மட்டும் திரும்ப உள்ளே போனார்.

“மகே, மகே! கெவிலி, கெவிலி!” என்னுடையது, பலகாரம் என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கத்திக்கொண்டே ரின்னைத் தூக்கி வந்து பஸ் படியில் இருந்தார். சென்றிக் காவலில் நின்ற ஆமிக்காரன் துவக்கை நீட்டி, தூரத்தில் நின்றே திறக்கச் சொன்னான். அவனும் சின்னப் பெடியன். அம்மா சணலை இழுத்துப் பார்த்தார். முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்துச் சணலை அறுத்தார். மூடியைத் திறந்து, ஒரு பணியாரத்தை எடுத்துத் தன் வாயில் போட்டு, எல்லாரும் பார்க்க மென்று விழுங்கினார். பிறகு ரின்னை அவன் பக்கம் நீட்டினார்.

“மாத்தயா கோ?” என்றான் அவன். ஐயா எங்கே?

அதே நேரம்தான் அப்பா வந்தார். இறங்கிய இடத்திலிருந்து பஸ் நிற்பதையும் ஆட்கள் சிதறி ஓடுவதையும் கண்டு, எல்லாரும் ஓடிய திசைக்கு எதிர்த்திசையில், பஸ்ஸை நோக்கி ஓடி வந்தார். அவர் ஓடியதை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. செருப்பு ஒன்று இல்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. ஆமிக்காரன் துவக்கை அவர் பக்கம் திருப்பினான்.

அம்மா உடனே படியில் சாய்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். தனக்கு நெஞ்சு வருத்தம், மயக்கம் வந்துவிட்டது, சோடா வாங்கத்தான் அவர் இறங்கி ஓடினார் என்று பாதிச் சிங்களத்திலும் பாதிக் கைப்பாஷையிலும் சொன்னார். பிறகு கைப்பையைத் திறந்து தன் குளிசைக் கடதாசியை எடுத்துக் காட்டினார். ஆமிக்காரன் அடையாள அட்டைகளை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தான், அப்பாவை வாய்க்கு வந்தபடி பேசினான், கடைசியில் போகச் சொன்னான். பஸ்காரர் எங்களைத் திரும்ப ஏற்றவில்லை. கண்டக்டர் மட்டும் ரின்னுக்குள் கைவிட்டு ஒரு பணியாரத்தை எடுத்துக்கொண்டு போனார்.

மூவரும் ஒரு மதிலோரம் நின்றோம். அம்மா அப்பாவின் சேர்ட்டை முதுகிலிருந்து இழுத்து விட்டார். “நீங்கள் முன்னுக்குப் போங்கோ. நாங்கள் அடுத்ததில வாறம்” என்றார். பஸ் வந்தது, அப்பா வழமைபோலத் தனியாக ஏறிப் போனார். தனியாக ஏற அவருக்கு ஒரு பயமும் இருக்கவில்லை. என் சமாதானப் பேச்சு முறிந்துவிட்டது என்று நான் விம்மி விம்மி அழுதேன். இந்த முறை அம்மாவே அவரை அனுப்பிவிட்டாரே.

இப்போது இதற்கெல்லாம் பெயர் இருக்கிறது. என் பிள்ளைகள் பதற்றம் என்றும் பீதி என்றும் வெட்கமில்லாமல் சொல்கிறார்கள், ஆலோசகரிடம் போகிறார்கள், வந்து சாப்பாட்டு மேசையில் அதைக் கதைக்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது. எங்கள் வீட்டில் இருந்தது காஸ், பிரஷர், நெஞ்சு வருத்தம் ஆகிய மூன்றும்தான். ஆம்பிளைகளுக்குக் காஸுக்கு மேல் எதுவும் வரக்கூடாது.

கொட்டாஞ்சேனையில் மாமி வாசலிலேயே நின்றார். அப்பாவின் அக்கா, குரலும் ஆளும் பெரிது. நாங்கள் ஏன் பிந்தினோம், தம்பியின் ஒரு கால் ஏன் வெறுங்கால் என்று கேட்டார். அப்பா நிலத்தைப் பார்த்தார்.

“எனக்குத்தான் மச்சாள், பஸ்ஸுக்க திரும்ப அந்த வருத்தம் வந்திட்டுது” என்றார் அம்மா. “பாவம், இவர் சோடாவுக்கு ஓடி அந்தரிச்சுப் போனார்.”

“அம்மாவுக்கில்லை!” என்று நான் பாய்ந்தேன். “அப்பாவுக்குத்தான்...”

அம்மா என் தோளில் கை வைத்து அழுத்திய அழுத்தத்தில் மிச்சம் தொண்டைக்குள்ளேயே போய்விட்டது. “பிள்ளை நல்லாப் பயந்து போனாள்” என்று சிரித்தார். பொய் சொன்னால் நாக்கில் சூடு போடுவேன் என்று என்னை வெருட்டுகிற அதே அம்மா.

“உமக்கு மனத் தைரியம் காணாது பிள்ளை. என்ர தம்பியைப் பாரும், எப்பிடித் தாங்கிறான் எண்டு” என்று மாமி அம்மாவை உள்ளறைக்குக் கூட்டிப் போய்ப் படுக்க வைத்தார். மல்லிக் கோப்பி போட்டார். “நீ கிட்ட இருந்து பார்” என்று அப்பாவையும் உள்ளே விட்டுத் திரைச்சீலையை இழுத்தார். வெளியே மாமியும் வீட்டிலிருந்தவர்களும் அம்மாவின் நோயைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தேன். அம்மா கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தார். அப்பா பக்கத்துக் கதிரையில், விசிறுவதற்குக் கொடுத்த பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். தோள் குலுங்கியது. அம்மா அவருடைய கையைத் தன் கைக்குள் வைத்திருந்தார். “மெல்ல விடுங்கோ. இன்னும் மெல்ல” என்றார். மல்லிக் கோப்பியை அப்பாதான் குடித்திருந்தார்.

எனக்கு அம்மாவில் இருந்த கோபம் தீரவில்லை. விளையாட வரச்சொல்லிக் கேட்டேன், வரவில்லை. சாப்பிடக் கூப்பிட்டார்கள், எழும்பவில்லை. ஒரு வருத்தமும் இல்லாமல் பின்னேரம் வரைக்கும் அம்மா அப்படியே படுத்துக் கிடந்தார். அவர் படுத்திருக்கும் வரைக்கும்தான் அப்பா அந்த அறையில் இருந்து அழலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது.