குழாயைத் திறந்துவிட்டுப் பேசிய தமிழ்

எங்கள் வீட்டில் சில மாதங்கள் தமிழ் பேசத் தடை இருந்தது. தடை போட்டவள் நான். யாராவது காரணம் கேட்டிருந்தால் கைப்பேசியை நீட்டி ஒரு காணொளியைக் காட்டியிருப்பேன்.

மகளுக்கு அப்போது ஒன்றரை வயது தாண்டியிருந்தது. பேச்சு வரவில்லை. அழுவாள், சிரிப்பாள், என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஐஸ்பெட்டியின் முன்னால் நிறுத்துவாள். "அம்மா" கூட இல்லை. பிரிக்பீல்ட்சில் எங்கள் அடுக்குமாடியின் லிஃப்டில் ஏறும் ஆன்டிகள் அவள் கன்னத்தைக் கிள்ளி, "இன்னும் பேசலையா?" என்று கேட்டுவிட்டு அவரவர் மாடியில் இறங்கிப் போனார்கள். கேள்வி மட்டும் என்னோடு மேலே வந்தது.

நான் பொழுதுபோக்குக்காகக் கைப்பேசி பார்க்கிறவள் இல்லை. கைப்பேசிக்கு அடிமை என்றதும், நடனமும் நகைச்சுவையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும் ஒருத்திதான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறாள். நான் பாடம் படிக்கிறவள். பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் அப்படித்தான் இருந்தேன். புரியாத எதையும் படித்துத் தீர்த்துவிடலாம் என்று நம்பி வளர்ந்தேன். குழந்தை பிறந்ததும் அவளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். பால் கொடுக்கும்போது ஒரு கை சும்மாதானே இருக்கிறது. அந்தக் கைக்குள் உலகத்தின் அம்மாக்கள் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். எந்த வயதில் குப்புற விழ வேண்டும், எப்போது கைதட்ட வேண்டும், எதைக் கண்டால் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நான் எல்லாவற்றையும் சேமித்து வைத்தேன். அது எனக்குக் கடமையாகவே பட்டது. கடமை என்பதால் அதை நிறுத்த வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அவர்களில் ஒருத்தியை மட்டும் நான் அளவுக்கு மீறி நம்பினேன். எந்த நாட்டுக்காரி என்று தெரியாது. வெள்ளை வெளேரென்ற சமையலறை. அவள் மகன் மேசையில் இருக்கும் பழங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எடுப்பான். பேச்சுத் தாமதமாகும் குழந்தைகளுக்கு அவள் ஒரு விதி சொன்னாள். குழந்தையைப் பல மொழிகளால் குழப்பக் கூடாது, வீட்டில் எல்லோரும் ஒரே மொழி பேச வேண்டும்.

நான் எங்கள் வீட்டைப் பார்த்தேன். நானும் கணவரும் தமிழ். தொலைக்காட்சியில் ஆங்கிலம். பகலில் குழந்தையை விடும் தாஸ்கா காப்பகத்தில், காக்கா என்று நாங்கள் கூப்பிடும் பராமரிப்பு அக்கா பேசுவது மலாய். பாதி வாக்கியத்தில் மொழி மாறாமல் எங்களில் யாருக்கும் பேசத் தெரியாது. குழந்தை வாய் திறக்காததற்கு வேறு காரணமே வேண்டியதில்லை என்று முடிவு செய்தேன். பள்ளிக்கும் வேலைக்கும் உதவும் என்று ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தேன். தாஸ்காவிலும் போய்ச் சொன்னேன். காக்கா, "போலே, போலே", ஆகட்டும் ஆகட்டும் என்று தலையாட்டிவிட்டு, நான் வாசலைத் தாண்டுவதற்குள் மலாயில் பாட ஆரம்பித்துவிட்டார்.

கணவரால் அப்படித் தலையாட்டிவிட்டுப் போக முடியவில்லை. அவர் போர்ட் கிள்ளானில் கொள்கலன் முற்றத்தில் வேலை செய்கிறார். உள்ளே வரும் லோரிகளுக்கு இடம் காட்டி, பின்னால் எடுக்கச் சொல்லி, சரியான இடத்தில் நிறுத்துவது அவர் வேலை. தமிழ்ப் பள்ளியில் படித்து, பிறகு மலாயில் படித்தவர். அவருடைய ஆங்கிலம் வேலைக்குப் போதும், மகளைக் கொஞ்சப் போதாது. தடைக்கு முன்னால், வேலை முடிந்து வந்ததும் மகளை மடியில் வைத்துக்கொண்டு அன்றைய கதை முழுவதையும் ஒப்பிப்பார். எந்த லோரி சேற்றில் மாட்டியது, கேண்டீனில் யார் யாரைத் திட்டினார்கள் என்று எல்லாம் வரும். தடைக்குப் பிறகு, "வேர் இஸ் பால்? திஸ் இஸ் பால். ஓகே," என்பார். என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் தலையசைப்பேன். அதற்குப் பிறகு சொல்ல அவரிடம் எதுவும் இருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளானிலிருந்து அவருடைய அக்கா வந்தார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வந்ததும் குழந்தையைத் தூக்கி, "ஏண்டி தங்கம், அத்தைய மறந்துட்டியா?" என்றார். கணவர் பதறிப்போய், "அக்கா, இங்கிலீஷ்லா, இங்கிலீஷ்," என்றார்.

"என்னடா, தமிழ் பேசணும்னா உன் வீட்ல பெர்மிட் எடுக்கணுமா?"

"அப்படியில்ல அண்ணி, பிள்ளை குழம்பிப் போகுது," என்றேன் நான்.

"பிள்ளை குழம்புதோ இல்லையோ, உன் புருஷன் குழம்பிப்போய் நிக்கிறான் பாரு. பாஸ் முன்னாடி நிக்கிற மாதிரி நிக்கிறான்." குழந்தையின் மூக்கோடு மூக்கை வைத்து உரசினார். "ஹலோ மேடம். ஐ ஆம் யுவர் அத்தை. ஐ ப்ரிங் முறுக்கு."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். ஆனால் அவர் காலையில் வந்து மாலையில் போகும்வரை பேசிய தமிழ் முழுவதும் எனக்கு உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் கிளம்பியதும் கைப்பேசியை எடுத்து, ஒரு நாள் விதி தவறினால் என்ன ஆகும் என்று தேடினேன்.

அந்த நாட்களில் நான் எப்படி இருந்தேன் என்பதை இப்போது தெளிவாகச் சொல்ல முடிகிறது. என் அலுவலகம் பங்சாரில். எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் ஒரே நிலையம். அந்த ஒரு நிலையத்துக்குள் கைப்பேசியை எடுப்பேன், இறங்க வேண்டிய இடத்தை விடுவேன். அம்மாக்களின் குழு ஒன்றில் மகளைப் பற்றிக் கேள்வி போட்டிருப்பேன். யாராவது பதில் எழுதினார்களா என்று கழிப்பறையில் பார்ப்பேன், அச்சு இயந்திரத்தின் அருகே நின்று பார்ப்பேன். "என் பையன் இந்த வயசுல பாட்டே பாடினான்" என்று யாரோ ஒருத்தி எழுதியதைப் படித்துவிட்டு மதியச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்திருக்கிறேன். நெஞ்சு சும்மாவே அடித்துக்கொள்ளும். எதைப் பார்த்துப் பயந்தேனோ அதையே கைப்பேசி மேலும் மேலும் கொண்டுவந்து கொடுத்தது. ஒவ்வொரு காணொளியும், "உங்கள் குழந்தை இதைச் செய்கிறதா?" என்று தொடங்கும். நான் எழுந்து போய் மகளிடம் செய்து பார்ப்பேன். பின்னாலிருந்து கூப்பிடுவேன், பொம்மையை ஒளித்துவைப்பேன், விரலால் சுட்டிக்காட்டுவேன். அவள் விளையாடிக்கொண்டிருப்பாள், நான் பரீட்சை வைத்துக்கொண்டிருப்பேன். கடைசியில் நான் வருவதைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தாள். அதற்கும் ஒரு காணொளி இருந்தது.

அரசாங்கக் கிளினிக்கில் மிஸ்ஸி, அங்கிருக்கும் நர்ஸ், அவளைப் பார்த்துவிட்டு, பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டச் சொல்லித் தேதி வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து அந்தத் தேதி எனக்குத் தீர்ப்பு நாள் போல ஆகிவிட்டது. அதற்குள் மகள் வாயிலிருந்து ஒரு வார்த்தையாவது வந்துவிட வேண்டும். இல்லையென்றால் அவளுக்கு ஏதோ இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். விதியை இன்னும் இறுக்கினேன். கணவர் உறவினரோடு தொலைபேசியில் தமிழ் பேச வேண்டுமென்றால் வராந்தாவுக்குப் போய்ப் பேசினார்.

தேதிக்குச் சில நாள் முன்பு, ஒரு விடுமுறை நாளின் மதியம். அவர் மகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அதை எப்போதும் அவர்தான் செய்வார். நான் கூடத்தில் கைப்பேசியோடு உட்கார்ந்திருந்தேன். குழாய் முழுவதுமாகத் திறந்திருக்கும் சத்தம் கேட்டது. தண்ணீரை ஏன் இப்படி வீணாக்குகிறார் என்று எழுந்து போனேன். கதவு பாதி திறந்திருந்தது.

ஒரு சோப்புப்பெட்டியைத் தரையில் பின்னோக்கித் தள்ளிக்கொண்டிருந்தார். "வா வா வா... லோரி வருது, ஆளுங்கல்லாம் ஒதுங்கு. அண்ணே, பாத்து. கோஸ்தான், கோஸ்தான், கோஸ்தான்..."

லோரியைப் பின்னால் எடு என்பதற்குத் துறைமுகத்தில் எல்லா இனத்தாரும் சொல்லும் சொல் அது. என் மகள் தொட்டிக்குள் எழுந்து நின்று, கையை அகலமாக வீசி, "தான்! தான்! தான்!" என்று கத்தினாள். சோப்புப்பெட்டி வாளியைத் தொட்டதும் வாளியில் ஓங்கி அடித்தாள். "ஊத்து!"

அவர் ஊற்றினார். தண்ணீர் முகத்தில் வழிய அவள் சிரித்தாள். "ஊத்து!" மறுபடியும் ஊற்றினார்.

என் கை தானாக மேலே போனது. கைப்பேசியில் பதிவு செய்ய ஆரம்பித்துவிட்டேன். அதன் கண்ணாடி மின்னியதோ என்னவோ, அவள் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. வாய் மூடியது. இந்தப் பெட்டியை நீட்டினால் ஏதோ கேட்கப்போகிறார்கள் என்று தெரிந்த முகம் அது. அவரும் திரும்பினார். உடனே குழாயை மூடினார்.

"சாரி," என்றார். "குளிக்கிறப்ப மட்டும்தான்."

சொந்த மகளோடு பேசியதற்கு மன்னிப்புக் கேட்கிறார் என்பது எனக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது.

"எப்பலேருந்து பேசுறா?"

"கொஞ்ச நாளா. தண்ணி சத்தத்துல உனக்குக் கேக்காதுன்னு நெனச்சேன்."

"ஏங்க என்கிட்ட சொல்லல?"

அவர் துண்டை எடுத்து மகளின் தலையைத் துவட்டினார். "சொன்னா சந்தோஷப்படுவியா? கோஸ்தான் ஒரு வார்த்தையா, கணக்குல சேருமான்னு குரூப்ல போயி கேப்பே."

அதே கேள்வியைத்தான் அந்த நிமிடம் மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன். தமிழா, ஆங்கிலமா, மலாயா, எதில் சேர்ப்பது என்றுகூட யோசித்துவிட்டேன்.

கைப்பேசியை வெளியே வைத்துவிட்டு வந்து ஈரத்தரையில் உட்கார்ந்தேன். சோப்புப்பெட்டியைக் காட்டி, எத்தனையோ நாள் கழித்து அவளிடம் தமிழில், "இது என்னம்மா?" என்றேன்.

அவள் அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்தாள்.

"கேள்வி கேக்காதலா," என்றார் அவர். "லோரிய தள்ளு."

தள்ளினேன். வாளியைத் தாண்டிப் போய்ச் சுவரில் இடித்தேன். "அய்யய்யோ, புது டிரைவர்! லைசென்ஸ் யாரு கொடுத்தா இவங்களுக்கு?" என்று அவர் கத்தினார். மகள் மெல்லத் தலையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு இறங்கி வந்து பெட்டியை என் கையிலிருந்து பிடுங்கி, எப்படித் தள்ள வேண்டும் என்று காட்டினாள்.

அன்று மாலையே, காணொளிகளும் அம்மாக்களின் குழுவும் இருந்த செயலியைக் கைப்பேசியிலிருந்து அழித்தேன். சொல்ல எளிதாக இருக்கிறது. மறுநாள் ரயிலில் என் கட்டைவிரல் இல்லாத செயலியைத் தேடி அலைந்தது. ஒரு வாரத்துக்குள் கணினி வழியாக உள்ளே போய் அந்த வெள்ளைச் சமையலறைக்காரியைப் பார்த்தேன். மறுபடியும் வெளியே வந்தேன். கிளினிக்கில் மருத்துவரிடம் நெஞ்சு அடித்துக்கொள்வதைச் சொன்னேன். அவர் அதைச் சிறிய விஷயமாக எடுத்துக்கொள்ளாமல் ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினார். இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். அதில் எனக்கு வெட்கமில்லை. பொறுப்பான அம்மாவாக இருந்ததால் மாட்டிக்கொண்டேன். அந்தப் பொறுப்பை வைத்துத்தான் வெளியே வந்துகொண்டிருக்கிறேன்.

குறித்த நாளில் மூவரும் போனோம். பேச்சுப் பயிற்சியாளர் எங்களைவிட இளையவர். தரையில் உட்கார்ந்து மகளோடு கட்டைகளை அடுக்கினார். காது நன்றாகக் கேட்கிறது, சொல்வது புரிகிறது என்றார். வீட்டில் என்ன மொழி என்று கேட்டார். கணவர் என்னைப் பார்த்தார். "தமிழ்," என்றேன் நான். "நடுவுல எல்லாம் கலந்து வரும்."

"கலந்தா கலக்கட்டும். உங்களுக்கு எது இயல்பா வருதோ அதுல பேசுங்க. ரெண்டு மூணு மொழி கேட்டா பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது," என்றார். என்னென்ன வார்த்தைகள் சொல்கிறாள் என்று கேட்டார். நான் சொன்னேன். பாதி வார்த்தைகளையும் அவளே செய்துகொண்ட வார்த்தைகளையும் சேர்த்துச் சொன்னேன். அவர் முகத்தைப் படிக்க முயலவில்லை. இது போதுமா, வயதுக்குச் சரியா, மற்ற பிள்ளைகள் எப்படி என்ற கேள்விகள் தொண்டைவரை வந்து நின்றன. நான் கேட்கவில்லை. பேச்சு கொஞ்சம் பின்தங்கித்தான் இருக்கிறது, பயிற்சிக்கு வாருங்கள் என்று அவர் சொன்னபோதும், "வரோம்" என்றேன். மகளைப் பற்றி எனக்குத் தெரிந்தது அந்த அறையில் வேறு யாருக்கும் தெரியாது என்ற நிதானம் அப்போது என்னிடம் இருந்தது.

மகள் அந்த அறையில் ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே வந்து கதவு மூடியதும், என் விரலைப் பிடித்து இழுத்து, "போலாம்" என்றாள். தெளிவாக, முழுதாக.

"அடிப்பாவி," என்றார் கணவர். "இத உள்ள சொல்லியிருக்கக் கூடாதா?" மூடிய கதவைக் காட்டி, "போயி சொல்லிட்டு வரியா?" என்று என்னைக் கேட்டார்.

"வேணாம்," என்றேன். அவள் இழுத்த பக்கமாக நடந்தோம்.