கரகரக்கும் ரீல்

அறந்தாங்கியில் அக்கா வீட்டுச் சாமான் அறையில் ஓர் ஆணியில் தூண்டில் ரீல் ஒன்று தொங்குகிறது. கம்பின் அடியில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் தூண்டிலின் நைலான் நரம்பைத் தனக்குள் சுருட்டிக்கொள்ளும் சின்ன இயந்திரம். சுற்றும்போது சோற்றில் மணல் கடிபட்ட மாதிரி ஒரு கரகரப்பு. வாங்கிய நாளிலேயே அப்படித்தான். வாங்கியவன் நான். அதற்கு முன் மூன்று வாரம் ஆராய்ச்சி வேறு செய்திருந்தேன்.

அது மச்சானுடையது. மச்சான் என்றால் அக்காவின் கணவர். பாதி வாழ்க்கையைக் குவைத்தில் லாரி ஓட்டியே கழித்தவர். லீவில் வந்து பெட்டியைப் பிரிக்கும்போது நல்ல கம்பளி, நல்ல டார்ச், நல்ல வாட்ச் எல்லாம் எங்களுக்கு வரும். அடியில் கிடக்கும் நைந்த துண்டும் கண்ணாடி கீறிய கடிகாரமும் அவருக்கு. இந்த முறையை நாங்கள் யாரும் ஏற்படுத்தவில்லை, மாற்றவும் இல்லை. என் கல்யாணத்தில் நான் கட்டியிருந்த வாட்ச் அவர் தந்ததுதான். "எனக்கெதுக்கு மாப்ள, லாரியிலயே டைம் ஓடுது" என்றார்.

கடைசியில் அங்கேயே பக்கவாதம் வந்து, சக்கர நாற்காலியில் ஊர் திரும்பினார். அந்தத் தடவை பெட்டி இல்லை. கால் ஓரளவு தேறியது, இடது கையில் பிடி வரவில்லை. பயிற்சி கொடுக்க வந்த பெண், எதையாவது சுற்றிக்கொண்டே இருக்கச் சொன்னார். அக்கா தையல் மெஷின் சக்கரத்தைக் காட்டினாள். மச்சானுக்கு வேறு யோசனை. குவைத்தில் வெள்ளிக்கிழமைகளில் பிலிப்பைன்ஸ்காரர்கள் கடலோரம் ரீல் சுற்றி மீன் பிடிப்பதைப் பார்த்திருக்கிறார், ஒருநாளும் தொட்டதில்லை.

"அந்த மிசினு ஒண்ணு வாங்கிக் குடு மாப்ள. எப்புடியும் சுத்தத்தான் போறேன். சுத்துற சுத்துக்கு ஒரு விராலாச்சும் வரட்டும்."

அவர் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அதுதான்.

ஆலங்குடியில் எனக்கு ஜெராக்ஸ் கடை. கூட்டம் இல்லாத நேரமே அதிகம் என்பதால் ஆராய்ச்சிக்கு வசதி. எந்த ரீலுக்குள் எத்தனை பேரிங், எது எத்தனை கிராம், எது உப்புத் தண்ணீருக்குத் தாங்கும் என்று செல்போனில் பார்த்துத் தள்ளினேன். கெளுத்திக்கும் கெண்டைக்கும் வித்தியாசம் தெரியாதவன் நான். "பொண்ணு பாக்க வந்தப்ப டீ ஆறுறதுக்குள்ள முடிவு பண்ணுனீங்க" என்றாள் என் மனைவி.

புதுக்கோட்டைக் கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். விலை கூடினது கைக்குக் கனமே தெரியவில்லை. விரலால் தொட்டதும் சத்தமில்லாமல் சுற்றியது. மற்றது அதில் ஆறில் ஒரு பங்கு விலை. கனம், கரகரப்பு.

"கையி முடியாதவுகளுக்கு இதாண்ணே சரி" என்று விலை கூடினதைக் காட்டினார். "பத்து வருசம் ஒழைக்கும்."

பத்து வருடம் என்றதும் ஆஸ்பத்திரியில் மச்சானைப் பற்றி டாக்டர், நாலு மாதம் போகட்டும் பார்க்கலாம் என்று உதட்டைப் பிதுக்கியது நினைவுக்கு வந்தது. ரீலின் ஆயுளைத்தான் யோசிக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விலை குறைந்ததை வாங்கினேன். மிச்சத்தில் மட்டன் பிரியாணி சாப்பிட்டேன். அது நன்றாகவே இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

மச்சான் தினமும் காலையில் கண்மாய்க் கரைக்குப் போனார். வலது கையால், இரைக்குப் பதில் முள்ளில் மாட்டிய ரப்பர் தவளையைத் தண்ணீரில் வீசிவிட்டு, இடது கையால் சுற்றி இழுப்பார். கொஞ்சம் சுற்று, ஓய்வு, மறுபடி கொஞ்சம் சுற்று. கண்மாயைக் குத்தகைக்கு எடுத்தவர் ஒன்றும் சொல்லவில்லை. இவரால் மீனுக்கு ஆபத்தில்லை என்று பார்த்ததுமே தெரிந்திருக்கும்.

நான் துணைக்குப் போயிருந்த ஒரு காலை, விரால் கவ்வியது. கம்பு வில்லாக வளைந்தது. மச்சான் சுற்றினார். மூன்றாவது சுற்றில் கைப்பிடி இறுகி நின்றுவிட்டது. நல்ல கையாக இருந்தால் அழுத்திச் சுற்றியிருக்கலாம். நான் கை நீட்டினேன். தோளாலேயே என்னைத் தள்ளினார். இடது கை விரல்கள் வெளுக்க அழுத்திப் பார்த்தார். மீன் ஒரு தடவை உதறியது, நரம்பு தொய்ந்தது.

கரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். ரீலைப் புரட்டிப் பார்த்துக் கேட்டார்.

"வெலை கொறஞ்சதுதான மாப்ள?"

"ஆமா மச்சான்."

"நாலு மாசத்துக்கு இது போதும்னு நெனச்ச."

அது கேள்வி இல்லை. என் வாய்தான் சும்மா இருக்காதே. "வாரண்டி இருக்கு மச்சான்" என்றேன்.

"எதுக்கு, ரீலுக்கா எனக்கா?"

அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். வாழ்க்கையில் நான் சிரித்ததிலேயே மோசமான சிரிப்பு அது.

வேறு நல்லதாக வாங்கித் தருகிறேன் என்றேன். "வேணாம், இது பழகிருச்சு" என்றார். நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது. தையல் மெஷின் எண்ணெய் விட்டு விட்டு அதையே மூன்றரை வருடம் சுற்றினார். விரால் வரவில்லை, கையில் பிடியும் வரவில்லை. போன வருடம் தூக்கத்திலேயே போய்விட்டார்.

இப்போது எனக்குச் சர்க்கரை. விரல்கள் மரத்துப்போகின்றன, எதையாவது சுற்றச் சொல்கிறார்கள். போன மாதம் அதே கடைக்குப் போனேன். அதே மாதிரி இரண்டை எடுத்து வைத்து, "யாருக்குண்ணே?" என்றார். "எனக்குத்தான்" என்றேன். விலை கூடினதைச் சுற்றினேன். சத்தமே இல்லை. இவ்வளவு நல்லதை எனக்கென்று வாங்க மனம் வரவில்லை. வாங்கிக் கொடுக்க ஆள் இருந்தபோது வாங்கியிருக்க வேண்டும். இரண்டையும் வைத்துவிட்டு அறந்தாங்கிக்குப் பஸ் ஏறினேன்.

ஆணியிலிருந்து ரீலை எடுத்துச் சுற்றினேன். கரகரத்தது. மூன்றாவது சுற்றில் இறுகி நின்றது. சத்தம் கேட்டு அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்காமலே சொன்னாள்.

"மூணு சுத்துக்கு ஒருக்கா நின்னு சுத்தணும்டா. ஒங்க மச்சான் அப்புடித்தான் சுத்துவாரு."

நின்றேன். பிறகு சுற்றினேன்.