பூனை மீசைக்கு மூன்று கொட்டேஷன்

உதவித்தொகையோடு ஓர் ஆராய்ச்சி இடம் கிடைக்க என்னென்ன வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் மதிப்பெண், தகுதித் தேர்வு, பேராசிரியரின் நல்ல மனநிலை என்று சொல்வார்கள். பூனை மீசை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

அப்போது பெங்களூரில் ஒரு புரத ஆய்வகத்தில் நான் தற்காலிக உதவியாளர். அதற்கு முன் சந்தாபுரா பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. மாத்திரை தண்ணீரில் கரைகிறதா என்று நாள் முழுக்கப் பார்க்க வேண்டும். கரையும். எல்லா மாத்திரையும் கரையும். அந்த அலுப்பு தாங்காமல் வேலையை விட்டுவிட்டு வந்ததற்காகத் திருப்பத்தூரில் அம்மா ரொம்ப நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆய்வகத்தில் சேர்ந்த மறு வருடம் எங்கள் பேராசிரியரின் திட்டத்தில் முனைவர் பட்டத்துக்கு ஒரே ஓர் இடம் வந்தது, உதவித்தொகையோடு. நேர்முகத் தேர்வுக்கு வெளியிலிருந்து நிபுணர்கள் வருவார்கள். "நீ ஒரு கிரிஸ்டலக் காட்டு, மத்தத நான் பேசிக்கிறேன்" என்றார் சார். இடம் கிடைக்காவிட்டால் என் தற்காலிக வேலையும் அந்த மாதத்தோடு முடிந்துவிடும். திரும்பவும் சந்தாபுரா, திரும்பவும் மாத்திரை.

கிரிஸ்டல் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். புரதத்தின் உருவத்தைப் பார்க்க அதன் மேல் எக்ஸ்ரே செலுத்த வேண்டும். அதற்குக் கோடிக்கணக்கான புரதங்கள் ஒழுங்காக அடுக்கி நின்று, சர்க்கரைப் பாகில் கல்கண்டு விளைவதுபோல் படிகமாக விளைய வேண்டும். எங்கள் புரதத்துக்கு ஒழுங்கு என்பதே ஆகாது. திருப்பதி தரிசனத்துக்குக் கதவைத் திறந்ததுபோல் முட்டி மோதிக்கொண்டு முள் முள்ளாக வந்து விழும். அந்த முள்ளை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

"உறை ஊத்தணும்" என்றார் சீனியர். அவர் எங்கள் ஆய்வகத்திலேயே மூத்த ஆராய்ச்சி மாணவர். எத்தனையாவது வருடம் என்று அவரிடம் கேட்பதை நாகரிகம் கருதி எல்லோரும் விட்டிருந்தோம். "அந்த முள்ள நசுக்கி, தூள்ல ஒரு முடியத் தொட்டு, புதுச் சொட்டுல ஒரு கோடு இழுக்கணும். தயிர் மாதிரிதான். கொஞ்சம் பழசு உள்ள போனா புதுசு ஒழுங்கா வரும்."

"என்ன முடி அண்ணா?"

"பூனை மீசை. அதுக்கு மேல ஒண்ணு கிடையாது."

கேலி என்றுதான் நினைத்தேன். இல்லையாம். உலகம் முழுக்க இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இதைத்தான் செய்கிறார்களாம். விறைப்பு சரியாக இருக்குமாம், நுனி சரியாக இருக்குமாம். இருந்தாலும் நான் என் தலைமுடியை வைத்து முயன்றேன். பெயின்ட் பிரஷ்ஷைப் பிடுங்கி முயன்றேன். சார் பெரிய மனது பண்ணித் தன் தாடியிலிருந்து ஒன்று கொடுத்தார். அதில் வந்த முள் முன்னைவிட மோசம்.

பூனை மீசை வெளிநாட்டில் விற்கிறது, பிடி போட்டு, பெட்டியில் வைத்து. பர்ச்சேஸ் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி என் தாளை இரண்டு முறை படித்தார்.

"மூணு கம்பெனி கொட்டேஷன் பேக்கே பேக்கு மேடம், கண்டிப்பா வேணும்."

"சார், இத விக்கறதே ஒரு கம்பெனிதான்."

"அப்போ ஏன் லோக்கல் பூனை சரிப்படாதுன்னு ஜஸ்டிஃபிகேஷன் குடுங்க. இன்னொண்ணு, இது அனிமல் ஐட்டம். எதிக்ஸ் கமிட்டி பார்க்கணும்."

எதிக்ஸ் கமிட்டியிலிருந்து கேள்விகள் வந்தன. பூனை உயிரோடு இருக்கிறதா? மீசை எடுத்த பின் அதன் பராமரிப்புக்கு என்ன ஏற்பாடு? பூனை வெளிநாட்டில் இருக்கிறது, எனக்குப் பழக்கமில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த கூட்டத்தில் பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். அடுத்த கூட்டம் நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு.

ஜீவனஹள்ளியில் நான் மாடியில் குடியிருந்தேன். கீழ் வீட்டில் வீட்டுக்கார அக்கா. பிளவுஸ் தைப்பவர். அவரிடம் ஒரு பூனை இருந்தது. இத்தனை நாள் அதை நான் ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. அன்று சாயங்காலம் அது மாடிப்படியில் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, நகைக்கடைக் கண்ணாடி முன் நிற்பவள் மாதிரி நின்றுவிட்டேன்.

பூனைக்கு மீசை தானாக உதிரும் என்று படித்திருந்தேன். அதனால் அது படுக்கும் இடமெல்லாம் தேட ஆரம்பித்தேன். தையல் மிஷினுக்கு அடியில் டார்ச்சோடு குப்புறப் படுத்திருந்தபோது அக்கா வந்துவிட்டார்.

"இன்னாமா தேடுற?"

"மீசைக்கா."

"யார் மீசை?"

"பூனையோடதுதான்."

அக்கா பூனையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் மிளகாய் கருகும் நெடி வந்தது. பூனைக்குச் சுற்றிப் போட்டிருக்கிறார். செய்வினைக்காரி மாடியில் குடியிருக்கிறாள் என்று தெருவுக்கே தெரிந்துவிட்டது. அடுத்த நாள் பால்காரர் என் பாக்கெட்டை வாசலுக்குக் கொண்டுவராமல் மாடிப்படியின் முதல் படியிலேயே வைத்துவிட்டுப் போனார்.

தாங்க முடியாமல் கீழே இறங்கி எல்லாவற்றையும் சொன்னேன். புரதம், தாடி முடி, கமிட்டி, சந்தாபுரா, அம்மா. சந்தாபுரா வந்தபோது அழுதுவிட்டேன். அதை அடக்கியிருக்கலாம், முடியவில்லை. அக்கா ஊசியில் நூல் கோர்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ கல்கண்டு மாதிரி ஒண்ணு வெளைய வெக்கிற. அவ்ளோதானே?"

"அவ்ளோதான்க்கா."

"இத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? புடுங்கற வேலையெல்லாம் கூடாது. அதுவா விழுந்தா எடுத்து வெக்கறேன்."

ஒரு வெள்ளிக்கிழமை காலை மாடியேறி வந்து காகித மடிப்பு ஒன்றை என் கையில் வைத்தார். உள்ளே மீசை. அதன் மேல் முழுக்க விபூதி. "சாமிகிட்ட வெச்சு எடுத்தேன். நல்லபடியா நடக்கும், போ" என்றார். அந்த முகத்தைப் பார்த்து வேறு மீசை கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? ஊதினேன். ஆய்வகத்துக்குப் போய் ஆல்கஹாலில் முக்கி எடுத்தேன். சொட்டுகளில் கோடு இழுத்தேன்.

திங்கட்கிழமை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். முள் இல்லை. மூக்குத்திக் கல் மாதிரி பட்டை தீட்டிய படிகங்கள். சார் மைசூர் பாகு வாங்கிவரச் சொன்னார். பக்கத்து ஆய்வகத்திலிருந்தெல்லாம் வந்து கண்ணை வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. சொட்டிலிருக்கும் சாதாரண உப்பும் இப்படி அழகாக விளையும். கண்டுபிடிப்பது சுலபம்: ஊசியால் அழுத்தினால் போதும். புரதம் என்றால் வெண்ணெய் மாதிரி அமுங்கும். உப்பு என்றால் டிக்கென்று உடையும். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் முதன்முதலில் விளைந்த படிகத்தை யாரும் குத்த மாட்டார்கள், குத்தச் சொல்லவும் மாட்டார்கள். நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர் எதிரில் தும்முவதற்குச் சமம் அது. சீனியர் மட்டும் வெகுநேரம் பார்த்துவிட்டு, "புரதம் இவ்ளோ அழகா இருந்து நான் பாத்ததில்ல" என்றார். சார் அவரை மைசூர் பாகு எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

தேர்வுக்கு இரண்டு நிபுணர்கள் வந்தார்கள். ஒருவர் நெற்றி நிறைய விபூதியோடு வந்த தமிழ்க்காரர். இன்னொருவர் புன்னகையே இல்லாத ஓர் அம்மையார். படிகத்தின் படத்தைத் திரையில் காட்டினேன். அம்மையார் ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: குத்திப் பார்த்தீர்களா?

அறையில் தும்மல் விழுந்துவிட்டது.

எல்லோருமாக மைக்ராஸ்கோப்புக்குப் போனோம். ஊசியை என் கையில் கொடுத்தார்கள். புரதமாக இருந்தால் இருப்பதிலேயே நல்ல படிகத்தை நானே நாசமாக்குகிறேன். உப்பாக இருந்தால் சந்தாபுரா. எனக்கு அப்போது அந்த அம்மையாரைக் குத்தத்தான் தோன்றியது. அழுத்தினேன்.

டிக்.

சார் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார். இந்த உப்பு எங்கிருந்து வந்தது என்றார் அம்மையார். இனி போவதற்கு என்ன இருக்கிறது என்று பூனையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். விபூதி சாம்பல், ஆல்கஹாலில் கரையாது. சாம்பலில் கால்சியம் உண்டு. எங்கள் கரைசலில் பாஸ்பேட் உண்டு. இரண்டும் சேர்ந்திருக்கும். விளைந்தது அக்காவின் விபூதி.

"நிரூபிக்க முடியுமா?" என்று கேட்டார் விபூதிக்காரர்.

"புரதமே இல்லாத சொட்டுல விபூதி போட்டுப் பாக்கணும் சார்."

"போட்டுட்டாப் போச்சு" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். காலையில் கோவிலில் வாங்கியதாம். அம்மையார் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் இருப்பதும் இதுவும் ஒரே விபூதி என்பதற்கு என்ன ஆதாரம்? அக்காவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டேன்.

"அக்கா, நம்ம விபூதி எங்க வாங்குனது?"

"கடையில பாக்கெட்தான். இன்னாத்துக்குமா, சாமி கோச்சிக்கிச்சா?"

கடைக்கு ஆள் ஓடினார். கோவில் விபூதி ஒரு சொட்டில், பாக்கெட் விபூதி ஒரு சொட்டில், எதுவுமே போடாமல் ஒரு சொட்டு. பிறகு நிபுணர்கள் சாப்பிடப் போனார்கள். வெளியே தேர்வுக்கு வந்த மற்றவர்கள் கோட்டும் டையுமாக வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என்ன நடக்கிறது என்று ஒரு பெண் கேட்டாள். விபூதி விளைகிறது என்று நான் சொன்னதும் அவள் இருக்கையை மாற்றிக்கொண்டாள்.

சாயங்காலம் காபி முடிந்து பார்த்தபோது, விபூதி போட்ட இரண்டிலும் பொடிப்பொடியாக மின்னியது. போடாத சொட்டு சுத்தமாக இருந்தது. "பாத்தீங்களா?" என்று விபூதிக்காரர் எல்லோர் முகத்தையும் பார்த்தார். எதை நிரூபித்துவிட்டதாக அவர் நினைத்தாரோ தெரியவில்லை.

மறு வாரம் சார் கூப்பிட்டார். அதுவரை என்னோடு பேசாமல் இருந்தவர். கண்ணாடியைத் துடைத்தபடி, "உன்னத்தான் எடுத்திருக்காங்க" என்றார்.

"உப்பு வந்ததுக்கா சார்?"

"அந்தம்மா வாதம் அது. கிரிஸ்டல் வந்திருந்தா இந்தத் திட்டத்துல அஞ்சு வருஷத்துக்கு வேல ஏது? வரலன்னு நீயே நிரூபிச்சிட்ட. அதனால இடமும் வேணும், அதுக்கு நீயும் வேணும்னு எழுதிட்டாங்க. அதே புரதம்தான். திங்கக்கிழமையே ஆரம்பிச்சிடு."

மாடிப்படிக்கு வந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். கிடைத்துவிட்டது, உதவித்தொகை உண்டு, ஐந்து வருடம் என்று மூச்சு வாங்கச் சொன்னேன்.

"அஞ்சு வருஷத்துல அந்தக் கிரிஸ்டல் வந்துடுமா?" என்று கேட்டாள் அம்மா.

"தெரியாதும்மா" என்றேன். அவ்வளவு சந்தோஷமாக நான் என் வாழ்க்கையில் எதையும் சொன்னதில்லை.