வேட்டியோடு சொல்லிக்கொடுத்த ஜீப் பாடம்

பிள்ளைகளே, பனி கொட்டினாலும் அம்மா ஜீப்பை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறாரே, அதை அவர் பழகியது கோயில் பார்க்கிங்கில். நீங்கள் அப்போது சின்னஞ்சிறுசுகள்.

அந்தக் குளிர்காலம் அவருக்கு முதியோர் இல்லமொன்றில் வேலை கிடைத்தது. விடியப்புறம் பஸ் போகாத இடம். நான் உங்களைக் கார்டெரியில், அதுதான் பிள்ளைகள் காப்பகத்தில், விட்டுவிட்டுத்தான் என் வேலைக்குப் போக வேண்டும். அவரைக் கொண்டுபோய்விட ஆளில்லை. கோடையில் லைசென்ஸ் எடுத்திருந்தார், பனியில் வாகனம் ஓடியதில்லை. வேலை தொடங்கும் திங்கட்கிழமை தானே ஜீப்பை ஓடிக்கொண்டு போகாவிட்டால் அந்த வேலை கைவிட்டுப் போய்விடும்.

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் நல்ல பனி. சனமும் கலைந்துவிட்டது. பழக இதைவிட நல்ல இடமில்லை என்று உங்களைச் சித்தியோடு அனுப்பிவிட்டு, அம்மாவை ஸ்ரியறிங்கில் இருத்தினேன். நான் வேட்டியோடு நிற்பதை யோசிக்கவில்லை.

"இந்தக் குமிழைத் திருப்பினால் நாலு சில்லும் இழுக்கும். ஆனால் இழுக்கத்தான் உதவும், நிற்பாட்ட உதவாது. முந்தியே காஸ் பெடலிலை இருந்து காலை எடும். பனியில்லாத றோட்டிலை திரும்ப இரண்டு சில்லுக்கு மாத்திப்போடும்."

"ஓம் ஓம், விளங்குது."

இரண்டு சுற்று நன்றாகத்தான் ஓடினார். மூன்றாவதில், பனி வழிக்கும் லொறி குவித்துவிட்டுப் போன கும்பிக்குள் முன்பக்கம் ஏறிவிட்டது.

"காஸைக் குடும்! குடும்!" என்று கத்தினேன். குடுத்தார். சில்லுகள் நாலும் நின்ற இடத்திலேயே சுழன்று குழி தோண்டின. இறங்கித் தள்ளலாம் என்று கதவைத் திறந்தால் பனி முழங்கால் வரை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

காரைத் துடைத்துக்கொண்டு நின்ற ஓர் அண்ணை சிரித்தார். "என்ன தம்பி, வேட்டியோடை ஸ்னோவுக்கை தீ மிதிக்கிறீரோ?"

விறைத்த காலோடு நான் தள்ளத் தொடங்கினேன், கத்துவதையும் நிறுத்தவில்லை. அம்மா ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் அங்காலை தள்ளி நில்லுங்கோ. நீங்கள் கத்தக் கத்த எனக்குக் காலும் ஓடேல்லை, கையும் ஓடேல்லை."

"நீர் தனிய..."

"திங்கட்கிழமை ஆர் பக்கத்திலை இருக்கப்போகினம்?"

நான் அண்ணைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

அம்மா கியரை நடுவில் விட்டு, குமிழை நாலு சில்லின் மெதுவான இழுவைக்குத் திருப்பினார். சில்லை நேராக்கினார். றிவேர்சில் போட்டு, காஸை மிதிக்காமல் தொட்டதுபோல வைத்தார். ஜீப் கொஞ்சம் பின்னால் அசைந்தது, திரும்ப முன்னுக்கு வந்தது. மறுபடியும் பின்னால் விட்டார். நான் வாயைத் திறக்கப் போனேன். அண்ணை என் தோளைப் பிடித்து, "பேசாமல் நில்லும்" என்றார். அடுத்த அசைவில் ஜீப் தன்பாட்டில் வெளியே வந்துவிட்டது.

அம்மா என்னைப் பார்க்கக்கூட இல்லை. பார்க்கிங்கை இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் என்னை ஏற்றினார். ஹீட்டரை முழுக்கத் திருப்பிவிட்டு, வீடு வரைக்கும் அவரே ஓடினார்.

திங்கள் விடிய அவர் போன பிறகு, போனைக் கையில் வைத்துக்கொண்டு உங்களுக்குக் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வெட்டினேன். போன் அடித்தது, அம்மாதான்.

"வந்திட்டன். எல்லாம் சுகம். இனி வேலை நேரத்திலை எனக்குப் போன் எடுக்காதேங்கோ, என்ன?"